வழியில் இறந்தவர்களை எழுதிய கோவிந்தன்

செவ்வாய்க்கிழமை காலை திண்டிவனம் பஸ் நிலையத்தில் நின்றிருந்தபோது ஏழுமலை போன் செய்தார். “அப்பா போய்ட்டாரு சார். தூக்கிக்கினு எறங்கறப்போ, வழுக்குப்பாறைகிட்ட.” உடனே வைத்துவிட்டார்.

அவருடைய அப்பா கோவிந்தன் இருந்த மலையூருக்கு இன்றுவரை சாலை கிடையாது. நோயாளியைப் போர்வையில் கிடத்தி, கழியில் டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். கோவிந்தன் பல ஆண்டுகள் டோலி தூக்கியவர். அந்த ஊரின் இறப்புகளைப் பதிவு செய்த கிராம நிர்வாக அலுவலர் நான்.

ஊருக்கு வெளியே இறந்தவரின் உடலை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. அதனால் வழியில் மூச்சு நின்றால் தூக்குகிறவர்கள் வாய் திறப்பதில்லை. பேசாமல் திரும்பி ஏறி, வீட்டில் கிடத்திய பிறகுதான் அழுகை எழும். நானும் இறந்த இடம் ‘வீடு’ என்று எழுதிவிடுவேன். எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

கோவிந்தனும் ஒருமுறை அப்படிச் செய்தவர்தான். டோலியில் இருந்தது அவர் மனைவி காசியம்மாள். ஒரு மாதம் கழித்து ஒரு பள்ளிக்கூட நோட்டோடு என் அலுவலகத்துக்கு வந்தார். முதல் பக்கத்தில் மனைவியின் பெயர், எதிரே ‘புளியமரத் திருப்பம்’.

“தோளுக்குத் தெரியும் சார். உசுரு போனா கனம் மாறிப்போவுது. உசுரு இருக்குதுன்னு நான்தான் பொய் சொல்லி ஊட்டுக்குக் கொண்டுபோனேன். மாத்தி எழுதுங்க.”

எழுதியதை மாற்ற முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதன் பிறகு வழியில் போன ஒவ்வொருவரையும் அவர் நோட்டில் ஏற்றினார், பெயரும் இடமுமாக. செத்தவர்களின் மானத்தை வாங்குகிறான் என்று ஊர் அவரை நல்லது கெட்டதற்கு அழைக்காமல் ஒதுக்கியது. டோலி தூக்க மட்டும் அவர் தோள் வேண்டியிருந்தது.

சாலை கேட்டு மனு கொடுத்தார். பதிவேட்டின்படி அவ்வூரில் எல்லா இறப்பும் வீட்டிலேயே நடந்துள்ளது, சாலையில்லாமல் எவரும் இறக்கவில்லை என்று பதில் போனது. அதற்கான அறிக்கையில் இருந்தது என் கையெழுத்து. பதிலை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தார். கோபப்படவில்லை.

“எல்லாரும் ஊட்லயே சாவுறாங்கன்னா, நாங்க யாரத் தூக்கிக்கினு எறங்குறோம் சார்?”

அன்று அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். நினைக்க வெட்கமாக இருக்கிறது.

போன் வந்த செவ்வாய்க்கிழமை நண்பகல் நான் போனபோது டோலி வழுக்குப்பாறை ஓரமாக இறக்கி வைக்கப்பட்டிருந்தது. அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் நின்றது, கூப்பிடு தூரத்தில். பேசாமல் மேலே கொண்டுபோய்விடலாம் என்று மற்றவர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். ஏழுமலை மறுத்துவிட்டார். “எனக்காவ பொய் சொல்லாதன்னு அப்பா சொல்லிக்கினே இருந்தாரு,” என்றார். ஊரிலிருந்து ஒருவரும் இறங்கி வரவில்லை. அடிவாரத்துப் புறம்போக்கிலேயே அடக்கம் செய்தோம்.

ஏழுமலை நோட்டை என்னிடம் நீட்டினார். கடைசிப் பெயரின் கீழே ‘கோவிந்தன், வழுக்குப்பாறை’ என்று எழுதினேன். அந்த ஊர்க்காரர் ஒருவர் இறந்த இடத்தை நான் உண்மையாக எழுதியது அதுதான் முதல் தடவை. அதற்கு முத்திரை கிடையாது, எந்த அலுவலகத்திலும் செல்லாது.

கோவிந்தன் அவர்களே, போய் வாருங்கள். காசியம்மாள் வீட்டில் இறந்ததாக நான் எழுதிய பொய், அலுவலக அலமாரியில் இன்னும் பத்திரமாக இருக்கிறது.