நாலு நாள் விறகுச் சூடு

ஈர விறகு எரியும்போது முனையில் நுரை கட்டி, உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். நியூஜெர்சியில் நாங்கள் முதலில் இருந்த வீட்டின் குளிர்காலம் என்றால் எனக்கு அந்தச் சத்தம்தான். ஹாலின் மூலையில் ஓர் இரும்பு அடுப்பு. விறகை ஒரு வருடமாவது காயவைக்க வேண்டும் என்பது தெரியாமல், பக்கத்து வீட்டில் விழுந்த மரத்தை அப்பா அந்த மாதமே துண்டு போட்டு எரித்தார். "ஹீட்டர் சூடு தோலோட நின்னுடும், இது எலும்பு வரைக்கும் போகும்" என்பார். அம்மாவுக்கோ, அந்தக் குளிரில் பொங்க மறுக்கும் இட்லி மாவு அடுப்பருகே வைத்தால் பொங்கிவிடும் என்பதே போதும். என் கோட்டில் ஏறிய புகை வாசத்தைப் பற்றிப் பள்ளியில் கேட்டால், 'கேம்பிங்' போயிருந்தோம் என்று சொல்லிவைப்பேன்.

எனக்குப் பதினொரு வயதானபோது, பனிப்புயலில் நாலு நாள் 'கரன்ட்' இல்லை. தெரிந்த இரண்டு தமிழ்க் குடும்பங்கள் எங்கள் ஹாலுக்கே குடிவந்துவிட்டன. அடுப்பின் மேலேயே ரசம் கொதித்தது, பெரியவர்கள் சீட்டாடினார்கள், பிள்ளைகள் எல்லோரும் ஒரே ஜமக்காளத்தில் கிடந்தோம். நாலாம் நாள், மூன்று வயதான என் தங்கை வித்யாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அப்பா பனியில் ஊர்ந்து ஊர்ந்து ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டினார்; நானும் கூடப் போனேன். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்று டாக்டர் கேட்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. எங்கள் குடும்பத்தில் அப்படிப்பட்ட பழக்கமெல்லாம் யாருக்கும் கிடையாது என்று, ஏதோ மானத்தைக் காப்பாற்றுவதுபோல் சொன்னாள். அடுப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொல்லத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. சொன்னால் அதை அணைக்கச் சொல்வார்கள், எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

வித்யா தேறினாள். அடுப்பு இன்னும் இரண்டு குளிர்காலம் எரிந்தது. இன்றும் அவள் கைப்பையில் இன்ஹேலர் இருக்கிறது. புகையால்தான் என்று யாரும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

இப்போது அமெரிக்காவின் மேற்குக் கரையில், பிளசன்டனில் நாங்கள் வாங்கிய வீட்டிலும் விறகு எரிக்கும் கணப்பு இருந்தது. என் மகளுக்கு இரண்டரை வயது. சளி பிடித்தாலே நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். மூடிவிடலாம் என்பேன், மழைக்காலத்தில் கரன்ட் போனால் பிள்ளை நடுங்குமே என்றும் நானே சொல்வேன். "நீயே ரெண்டு பக்கமும் பேசிட்டா நான் எந்தப் பக்கம் பேசறது?" என்றார் கணவர். அம்மாவிடம் போனில் கேட்டேன். "அது இல்லேன்னா அந்த நாலு நாள்ல விறைச்சே போயிருப்போம்டி" என்றாள். அதுவும் உண்மைதான். ஆஸ்பத்திரியில் நான் வாய் திறக்காததை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

போன வாரம் ஆள் வந்து, கணப்பின் வாயைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டுப் போனார். நியூஜெர்சி வீட்டை எப்போதோ இடித்துவிட்டார்களாம். இன்று காலை மழையில் கரன்ட் போய்விட்டது. மகள் இரண்டு ஸ்வெட்டருக்குள் என் மடியில் இருக்கிறாள். காதை வைத்துப் பார்த்தேன், மூச்சு சுத்தமாக வருகிறது. "அம்மா, ஹேண்ட்ஸ் கோல்ட்" என்கிறாள். அந்தச் சின்ன விரல்களைக் கைக்குள் பொத்தி, ஊதிக்கொண்டே இருக்கிறேன்.