கழித்தால் வராத நீளம்

எங்கள் வீட்டு வாசல், தெருக்கால்வாயின் ஓரத்தைவிடப் பதினெட்டு அங்குலம் உயரம். ஐம்பதை நெருங்கும் வயதுவரை அதை நான் அளந்து பார்த்ததில்லை. மூன்று படி, அவ்வளவுதான். ஏறினால் வீடு, இறங்கினால் தெரு. என் மனைவிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி, இடுப்புக்குக் கீழே பலம் குறைந்து, சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த மூன்று படி எவ்வளவு உயரம் என்று தெரிந்தது.

வாரத்தில் இரண்டு நாள் காலையில் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் கால்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். விட்டால் முட்டி இறுகிப்போகும், அப்புறம் நீட்ட வராது என்று பயிற்சி கொடுக்கும் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதலில் பக்கத்து வீட்டு இளவட்டங்கள் இருவர் நாற்காலியோடு அவளைத் தூக்கி இறக்கினார்கள். நல்ல பிள்ளைகள். கூப்பிட்டால் பாதித் தறியில் எழுந்து வருவார்கள். ஒருநாள் தூக்கும்போது நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்து, அவள் புடவை முட்டிக்கு மேலே ஏறிவிட்டது. தெருவில் ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லாரும் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்கள். அவர்கள் அப்படிப் பார்த்ததுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த முறை ஆட்டோ வந்து நின்றபோது அவள் வர மாட்டேன் என்றாள்.

"சாமியத் தூக்கினு போறப்போ புடவ வெலகினா குருக்கள் கூடவே வந்து சரி பண்ணுவாரு. எனக்கு யாரு வர்றது? நான் வரல. கால் போனா போவுது."

"அந்தப் பசங்க தம்பி மாதிரிதானேம்மா."

"தம்பி மாதிரிதான். அதான் வேணாங்கிறேன்."

ஆட்டோவைத் திருப்பி அனுப்பினேன். வாரங்கள் போயின. தாமல் கிராமத்தில் கட்டிக்கொடுத்த மகள் வந்து கெஞ்சிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். இவள் அசையவில்லை. நான் தறியில் உட்கார்ந்திருப்பேன். பின்னால் அவள் கையால் தன் முட்டியை அமுக்கி அமுக்கி நீட்டப் பார்ப்பது தெரியும். திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவாள்.

படிக்குப் பதில் ஒரு சரிவு போட்டுவிட்டால் யாரும் தூக்க வேண்டாம், அவளே இறங்கிப் போகலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எங்கள் தெருவில் நினைத்த இடத்தில் எதையும் நீட்ட முடியாது. காலையில் வெயில் ஏறுமுன், புடவையின் நெடுக்கு நூலான பாவைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இருபக்கமும் ஆட்கள் நடந்து, இழைகளைப் பிரித்து, அறுந்ததை முடிவார்கள். எதிர்ப்பக்கம் கரண்ட் கம்பங்கள் வரிசையாக நிற்பதால் பாவு எங்கள் பக்கத்துக் கால்வாயை ஒட்டியே போகும். அதனால் கால்வாய்க்கு வெளியே யாரும் படி கட்டுவதில்லை, வண்டி நிறுத்துவதில்லை. எழுதி வைத்த சட்டமில்லை. ஆனாலும் அதை யாரும் மீறியதில்லை.

வாசலிலிருந்து கால்வாயின் வெளி ஓரம் வரை அளந்தேன். ஆறரை அடி. வெல்டிங் கடையில் வழுக்காத இரும்புத் தகடு எட்டடி நீளத்தில் வரும் என்று சொன்னார்கள். எட்டடியில் வாசலின் உயரமான ஒன்றரை அடியைக் கழித்தால் ஆறரை அடி. தகட்டை அறுக்கக்கூட வேண்டாம். எங்களுக்கென்றே செய்துவைத்த மாதிரி இருந்தது.

நான் அப்படிக் கழித்ததற்கு ஒரு காரணம் உண்டு. பாவு இழை, குறுக்கு நூலான ஊடையின் மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போவதால், நெய்து முடித்த புடவை எப்போதும் பாவின் நீளத்தைவிடக் குறைவாகத்தான் வரும். ஏறி இறங்குவதில் போகும் நூலை முதலிலேயே கழித்துக்கொண்டுதான் நாங்கள் கணக்குப் போடுவோம். சிறு வயதிலிருந்து அந்தக் கழித்தல் கையோடு வந்துவிட்டது. உயரத்துக்குப் போனது போக மீதி நீளம் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பாவு இழுப்பதை முன்னின்று பார்ப்பவர் எதிர்வீட்டு அண்ணன். அவரிடம் கேட்க வேண்டும். நான் தெருவில் யாரிடமும் ஒன்றும் கேட்டுப் பழகாதவன். அவர் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் போய் நின்றேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

"கால்வாய் ஓரத்தோட நின்னுடும்ணே. அதுக்கு மேல ஒரு நூல் வராது."

வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொன்னார். "நீ வாயத் தொறந்து கேட்டதே இப்பத்தான்பா. வச்சிக்கோ. பாவுக்கு மட்டும் எடஞ்சல் ஆவாம பாத்துக்கோ."

வெல்டிங் கடை பாய், "வூட்டாண்ட வந்து ஒரு தபா அளந்துக்கினு போயிடட்டாண்ணே?" என்றார். அவரை ஏன் அலைய வைப்பது என்று, "வேணாம் பாய், அளவு இருக்குது. எட்டடி முழுத் தகடு" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு மத்தியானம் தகடு வந்தது. இரண்டு ஓரத்திலும் சக்கரம் நழுவாமல் இருக்கக் கம்பி வைத்துப் பற்றவைத்திருந்தார். வாசலில் ஒரு முனையை வைத்து மறுமுனையை இறக்கினார்கள். அது கால்வாயைத் தாண்டி, பாவோடு ஆள் நடக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தது. பாய் என்னைப் பார்த்தார். நான் தகட்டைப் பார்த்தேன். எதிர்வீட்டு அண்ணன் இறங்கி வந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாகத்தைச் சாணால் அளந்தார்.

"இன்னாபா, உங்க வூட்டு அடிக்கு எத்தினி அங்குலம்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நாளைக்குக் கார்த்தால பாவு இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பாய் போல்ட் போடாமல் தகட்டைச் சுவரில் சாய்த்து வைத்தார். "யோசிச்சு சொல்லுண்ணே. அறுக்கறது ஒரு நிமிசம். அறுத்தப்பறம் ஒட்டறதுதான் கஷ்டம்" என்றார்.

உள்ளே வந்து தறியில் உட்கார்ந்தேன். கால் மிதியில் இருந்தது, மிதிக்கவில்லை. ஒரு நூல்கூட வராது என்று நான் சொன்னதைத் தெருவே கேட்டிருந்தது. மனைவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"எப்டி கணக்கு போட்டீங்க?"

சொன்னேன்.

விரலால் மடியில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். பிறகு, "ஒன்ற அடி நேரா மேல ஏறிட்டு, அப்பறம் ஆறர அடி நேரா போனா எட்டடி. படி ஏறுறதுக்கு உங்க கணக்கு சரி. இது சரிவால்ல போவுது? குறுக்கால போறவனுக்கு வழி கம்மிதானே?" என்றாள்.

எனக்கு அப்போதும் முழுதாகப் புரியவில்லை. அவள் புடவையின் புட்டாப் பூக்களை வரையும் கட்டத் தாளில் ஒன்றை எடுத்துத் திருப்பி, வாசல் உயரத்துக்கு ஒரு கோடு நேராக இறக்கினாள். அதன் அடியிலிருந்து தெருவை நோக்கிப் படுக்கையாக ஒரு கோடு. இரண்டின் முனையையும் சேர்த்து ஒரு சாய்கோடு.

"செங்கோண முக்கோணம். பத்தாவதுல போட்டமே. இந்தச் சாஞ்ச கோடு கர்ணம். இத வர்க்கம் பண்ணா, மத்த ரெண்டையும் தனித்தனியா வர்க்கம் பண்ணிக் கூட்டினதுக்குச் சமம். வெறுமன கழிக்கக் கூடாது. வர்க்கம் பண்ணிட்டுக் கழிக்கணும்."

நாங்கள் இருவரும் பத்தாவதுவரை படித்தவர்கள், வேறு வேறு பள்ளிக்கூடத்தில். கணக்கில் நான் தட்டுத்தடுமாறித் தேறியவன். அவள் எவ்வளவு மார்க் வாங்கினாள் என்று கல்யாணமாகி இத்தனை காலத்தில் நான் கேட்டதே இல்லை.

எல்லாவற்றையும் அங்குலமாக்கினாள். தகடு தொண்ணூற்றாறு, உயரம் பதினெட்டு. போனில் கால்குலேட்டர் இருந்தும் கையாலேயே பெருக்கினாள். தொண்ணூற்றாறின் வர்க்கம் ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினாறு. பதினெட்டின் வர்க்கம் முந்நூற்று இருபத்துநாலு. கழித்தால் எட்டாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு. எதை எதால் பெருக்கினால் அது வரும்? தொண்ணூற்றைந்து போட்டாள், தாண்டிப் போனது. தொண்ணூற்று நாலு போட்டாள், கொஞ்சம் குறைந்தது.

"தொண்ணூத்தி நாலு சொச்சம். நம்மகிட்ட இருக்கறது எழுபத்தெட்டு. பதினாறு அங்குலம் வெளிய நிக்கும். அண்ணன் சாண் போட்டாரே, ரெண்டு சாண் வந்துதா?"

"ஆமா. கொஞ்சம் கம்மி."

ஒன்றரை அடி ஏறுகிற தகடு, தரையில் இரண்டு அங்குலம்கூட இழக்கவில்லை. நான் பதினெட்டையும் கழித்திருந்தேன். அந்தத் தாளை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

அடுத்து அவள் அதையே மாற்றிப் போட்டாள். கால்வாய் ஓரத்தோடு நிற்க வேண்டுமென்றால் தகடு எவ்வளவு இருக்க வேண்டும்? எழுபத்தெட்டின் வர்க்கம் ஆறாயிரத்து எண்பத்துநாலு. முந்நூற்று இருபத்துநாலைக் கூட்டினால் ஆறாயிரத்து நானூற்றெட்டு. எண்பதின் வர்க்கம் ஆறாயிரத்து நானூறு.

"எண்பது அங்குலம். பதினாறு அறுக்கணும். ஆனா இன்னும் செங்குத்தா போயிடும்" என்றாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. ஆளில்லாமல் சொந்தமாக ஏறி இறங்க வேண்டுமானால் ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும் என்று பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருமுறை சொல்லியிருந்தார். அதைத் தாளில் எழுதினாள். பதினெட்டு அங்குலத்துக்குப் பதினெட்டு அடி. வாசலுக்கு முன்னால் ஆறரை அடி போக மீதி பதினொன்றரை. எங்கள் தெருவே பன்னிரண்டு அடிதான்.

"எதிர்வூட்டுக் கால்வாயாண்ட போயி நிக்குது" என்றாள். பென்சிலை மடியில் வைத்துவிட்டாள். நான் விளக்கைப் போட எழுந்தேன். விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் பாவைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் போன பிறகு, அவள் தகட்டை ஒருமுறை போடச் சொன்னாள். பாயும் அவருடைய ஆளும் வந்து போட்டார்கள். என்னை நாற்காலிக்குப் பின்னால் நிற்கச் சொல்லி, கீழே இறங்கினாள். பிறகு, "கைய எடுங்க" என்று சொல்லிவிட்டுத் தானே சக்கரத்தைப் பிடித்துத் தள்ளி ஏறினாள். கழுத்து நரம்பு புடைத்தது. பாதிவரை வந்தாள். அங்கே சக்கரம் நின்றது. ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்று, பின்னால் உருளத் தொடங்கியது. நான் பிடித்துக்கொண்டேன். இன்னொரு தரம் செய்தாள். அதே இடம்தான்.

"எட்டடியே இருக்கட்டும்மா. அண்ணன்கிட்ட நான் பேசறேன். கால்ல விழுந்தாவது கேக்கறேன்" என்றேன்.

"எதுக்கு? எட்டடிலயும் பின்னால ஒருத்தர் வேணும். எண்பது அங்குலத்துலயும் ஒருத்தர் வேணும். பதினாறு அங்குலத்துக்காகத் தெருவாண்ட போயி நிக்கணுமா? அறுத்துடச் சொல்லுங்க." மூச்சு வாங்கிக்கொண்டே என் கைகளைப் பார்த்தாள். "உங்களால தாங்க முடியுமா?"

"முடியும்."

"வேற யாரும் தொடக் கூடாது."

"சரி."

பாய் அங்கேயே சாக்பீஸால் கோடு போட்டார். எண்பது அங்குலம். கடைக்கு எடுத்துப்போய் அறுத்து, சாயங்காலமே கொண்டுவந்து போல்ட் போட்டார். முனை கால்வாயின் வெளி ஓரத்தில் வந்து நின்றது. எதிர்வீட்டு அண்ணன் தன் வாசலிலிருந்தே பார்த்தார். இறங்கி வந்து அளக்கவில்லை.

அடுத்த பயிற்சி நாளில் தெருவில் பாவு இழுத்திருந்தார்கள். பின்பக்கமாகத்தான் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் முன்னால் சரிந்துவிடுவார் என்று பாய் சொல்லியிருந்தார். நான் கீழ்ப்பக்கம் நின்றேன். நாற்காலியின் முதுகு என் நெஞ்சில் சாய்ந்தது, அவள் தலை என் மோவாயில் இடித்தது. தெருவில் நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டுகூட நடந்ததில்லை. பாவின் இருபக்கமும் இழை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். இந்த முறை அவர்கள் முகத்தைத் திருப்பவில்லை. ஒவ்வோர் அடியாக வைத்து இறக்கினேன். அவள் முட்டிமேல் போர்த்திக் கட்டியிருந்த துண்டு நகரவே இல்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் அம்மா அவள் கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். இடது முட்டி சொன்னபடி கேட்கும் என்றார். வலதைப் பற்றிக் கேட்டதற்கு, ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று திருப்பிக் கேட்டார். அவள் துண்டை இழுத்து முட்டியை மூடிக்கொண்டாள். வலது முட்டி இன்றுவரை முழுதாக நீளவில்லை.

இப்போதும் வாரத்தில் இரண்டு காலை அவளை இறக்குகிறேன். என் முதுகு வலிக்கிறது, அவளிடம் சொல்வதில்லை. அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆட்டோ தெருமுனையில்தான் நிற்கும். பாவு இருக்கும் நாளில் உள்ளே வராது. சக்கரம் நான்கும் தெருவைத் தொட்டதும், "விடுங்க" என்பாள். நான் கையை எடுத்துவிடுவேன். அவள் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு பாவின் ஓரமாகத் தெருமுனை வரை போவாள். இழை பிரிப்பவர்கள் ஓர் எட்டு விலகி வழிவிடுவார்கள். நான் கொஞ்சம் பின்னால் வெறுங்கையோடு நடப்பேன்.