துபாயில் ரேணுகாம்பாள் தூங்கிய பகல்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் போகிற சாலையில் கிணற்று மோட்டார் கடை வைத்திருக்கும் சகாதேவனைச் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் கடை அவன் பெயரில் இல்லை. தொடங்கிய காலத்தில் பெண்கள் பெயரில் வங்கிக் கடன் சுலபமாகக் கிடைத்ததால், டீலர் ஒப்பந்தத்திலிருந்து வரிக் கணக்கு வரை எல்லாமே அவன் மனைவி ரேணுகாம்பாளின் பெயரில் ஏறியது. காட்டிய இடங்களில் அவள் கையெழுத்துப் போட்டாள். அதோடு அதை மறந்தும் போனாள்.

மாமனார் தருமன் பக்கவாதம் வந்து நான்கு வருடமாகப் படுக்கையில் இருந்தார். ஏர் பிடித்து வளர்ந்த உடம்பு. படுத்த பிறகும் கனம் குறையவில்லை. காலையில் அவரைப் புரட்டித் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு ரேணுகாம்பாள் கடைக்கு வருவாள். சகாதேவன் ஃபிட்டர்களோடு மோட்டார் இறக்க வயல்காட்டுக்குப் போய்விடுவான். கல்லாவும் போனும் அவள் பொறுப்பு. மதியம் வீட்டுக்கு ஓடிப்போய் மாமனாருக்குச் சோறு ஊட்டிவிட்டு ஓடி வருவாள். ராத்திரியில் எழுந்து எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஒரே மகள் எழில் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு கை கிடையாது.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. முதலில் கிணறுகள் வறண்டன, பிறகு போர்வெல்கள். பழைய மோட்டார்கள் தண்ணீரை மேலே தள்ள முடியாமல் எரிந்தன. இன்னும் ஆழமாகப் போர் போட்டுவிட்டு, இன்னும் பெரிய மோட்டார் கேட்டு ஆட்கள் வந்தார்கள். கோடை முழுக்க போன் ஓயவில்லை. "அக்கா, மோட்டார் வந்துச்சா?" "அக்கா, கரும்பு காயுது, ஃபிட்டரை இன்னைக்கே அனுப்பு." ஆடி பிறந்தபோது கடை அதுவரை காணாத விற்பனையைக் கண்டிருந்தது.

மோட்டார் கம்பெனியின் சேல்ஸ் ஆபீசர் கோபி ஸ்வீட் பாக்ஸோடு வந்தான்.

"அண்ணா, இந்த சேல்ஸுக்குத் துபாய் கன்ஃபார்ம். டீலர் கான்ஃபரன்ஸ். நாலு நாள். டிக்கெட், ஹோட்டல் எல்லாம் கம்பெனி செலவு."

சகாதேவன் சிரித்த சிரிப்பைப் பார்த்துவிட்டுக் கோபி தயங்கினான். "ஆனா டீலர் கோடு நம்பர் அக்கா பேர்ல இருக்குதுண்ணா. கோடு யார் பேர்லயோ அவங்களுக்குத்தான் விசா போடுவாங்களாம். மாத்த முடியுமான்னு கேட்டுப் பாத்துட்டேன். முடியாதுன்னுட்டாங்க."

"அவ போயி இன்னா பண்ணுவா?" என்றான் சகாதேவன்.

ரேணுகாம்பாள் ஸ்டார்ட்டர் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நான் போகலை. மாமாவை யார் பாத்துக்கறது?"

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த சகாதேவனுக்கு, கிடைத்ததை விட்டுவிடவும் மனம் வரவில்லை. "சும்மா வர்ற டிக்கெட்டை எதுக்கு விடணும்? அப்பாவை நான் பாத்துக்கறேன். ஆனா போனா பிரயோஜனமா இருக்கணும்."

பிரயோஜனம் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. கம்பெனி எம்.டி.யைத் தனியாகப் பார்த்துச் செங்கம் பக்கத்து டீலர்ஷிப்பையும் கேட்டு வாங்கிவிட வேண்டும் என்றான் கணவன். ஓர் இடம் விடாமல் பார்த்துப் போட்டோ அனுப்பச் சொன்னாள் மகள். நாத்தனார் ரேவதி குங்குமப்பூவும் சென்ட்டும் கேட்டாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அவசரமாக எடுத்த பாஸ்போர்ட்டோடு ரேணுகாம்பாள் சென்னைக்குப் போய் விமானம் ஏறினாள்.

ஹோட்டலில் அவளோடு ஒரே அறையில் தங்கியவள் ஓவியா. கள்ளக்குறிச்சிக்காரி, அப்பாவின் கடையை எடுத்து நடத்துகிற சின்னப் பெண். போன அன்றே இவளை இழுத்துக்கொண்டு போய் உயரமான கட்டடங்களையும் ஆடுகிற நீரூற்றையும் காட்டினாள். பாட்டுக்குத் தக்கபடி தண்ணீர் வானத்துக்கு எழும்பி விழுந்தது. இதற்கு எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வைத்திருப்பார்கள் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். அப்போதே ரேணுகாம்பாளுக்குக் கால்கள் கெஞ்ச ஆரம்பித்திருந்தன.

மறுநாள் கூட்டம். அரங்கில் ஏசி எலும்பைக் குத்தியது. திரையில் மாவட்டவாரியாக விற்பனைக் கோடுகள் வந்தன. எல்லாவற்றிலும் உயரமாகத் திருவண்ணாமலை நின்றது. "என்னா ஒரு சம்மர்!" என்றார் பேசிய அதிகாரி. எல்லோரும் கை தட்டினார்கள், அவளும் தட்டினாள். அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கரும்பு காயுது என்று போனில் கேட்ட குரல்கள்தான் நினைவுக்கு வந்தன. மோட்டாரை விற்றவளே அவள்தான் என்பதால் அதற்காக வருத்தப்படவும் கூச்சமாக இருந்தது. மேடைக்கு அழைத்துக் கேடயம் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "நன்றிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

இரவு விருந்தில் எம்.டி. ஒவ்வொரு மேசையாக வந்தார். வயதான மனிதர், தமிழில் பேசினார். "கம்பெனி உங்களுக்கு என்ன செய்யணும்மா?"

செங்கம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"சார், வாரண்டியில இருக்கிற மோட்டார் எரிஞ்சா நாங்க பிரிக்கக் கூடாது, வேலூருக்கு அனுப்பணும். அது திரும்பி வர்றதுக்குள்ள பயிர் போயிடுதுங்க. திட்டு வாங்கறது நானு. எங்க ஊருக்கு ஒரு சர்வீஸ் ஆளைப் போட்டீங்கன்னா நல்லா இருக்கும்."

எம்.டி. பக்கத்தில் நின்றவரிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். செங்கத்தைப் பற்றியும் சொல்லலாம் என்று அவள் நிமிர்ந்தபோது அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டிருந்தார்.

அறைக்கு வந்ததும் சகாதேவன் போனில் கேட்டான். "செங்கம் கேட்டியா?"

"இல்லீங்க. சர்வீஸ் ஆள் வேணும்னு கேட்டேன்."

"நான் அதையா கேக்கச் சொன்னேன்?"

"போன்ல திட்டு வாங்கறது நீங்களா?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அந்தப் பக்கம் மாமனார் முனகுவது கேட்டது. "அப்பா சாப்பிட மாட்டேங்கறாரு," என்றான் அவன். "எப்போ வர்றே?"

அடுத்த நாள் பாலைவனத்துக்கு எல்லோரையும் ஜீப்பில் அழைத்துப் போனார்கள். ஓவியா தயாராகி வந்து எழுப்பினாள்.

"நீ போம்மா. எனக்கு முடியலை."

"இவ்ளோ தூரம் வந்துட்டு ரூம்லயா இருப்பீங்க, அக்கா? வீட்ல கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

"முடியலைன்னு சொல்லுவேன்."

கதவு சாத்திக்கொண்டது. ரேணுகாம்பாள் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள். விழித்தபோது சன்னலில் வெயில் வேறு பக்கம் போயிருந்தது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், மாமனாரைத் திருப்பிப் போடுவதற்காகக் கை தானாக நீண்டது. பக்கத்தில் ஓவியாவின் மடித்த போர்வை இருந்தது. எழுந்து டீ போட்டுக்கொண்டு, கொண்டுவந்த முறுக்கைத் தின்றாள். கீழே நீச்சல் குளத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் மிதந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துத் தூங்கிவிட்டாள்.

சாயங்காலம் பார்த்தபோது சகாதேவன் வரிசையாகக் கூப்பிட்டிருந்தான்.

"பாலைவனம் எப்படி இருந்துச்சு?"

"போகலைங்க. தூங்கினேன்."

"துபாய்க்குப் போயி தூங்கினியா?"

"ஆமாங்க."

"நான் நேத்துப் பூராவும் தூங்கலை," என்றான் அவன். "அப்பாவைத் தூக்கினதுல முதுகு பிடிச்சிக்கிச்சு." தைலம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவள் சொன்னாள்.

விமான நிலையத்திலேயே குங்குமப்பூ வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். சென்ட் வாங்க மறந்ததில் ரேவதிக்கு மனத்தாங்கல். போட்டோக்கள் ரொம்பக் கம்மி என்றாள் எழில். சகாதேவன் சில வாரங்கள் ராத்திரியில் தானே எழுந்து அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்தான். பிறகு காட்டு வேலை அலுப்பு என்று ஒரு நாள் விட்டான். ஒவ்வொன்றாக எல்லாம் பழையபடி அவளிடமே வந்தது.

ஒரு சாயங்காலம் கடையை மூடும்போது சொன்னாள். "மாமாவுக்கு ஓர் ஆள் போடணும்."

"ஆள் போட்டா சொந்தக்காரங்க இன்னா பேசுவாங்க?"

"பேசட்டும். எனக்கு முடியலைங்க. இத்தனை நாளா முடியலைன்னே எனக்குத் தெரியலை. அங்க தூங்கி எழுந்தப்பதான் தெரிஞ்சுது."

மாமனாரைப் பார்த்துக்கொள்ள அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து சுப்பன் வர ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவர். ராத்திரி தங்கி, காலையில் மாமனாரைக் குளிப்பாட்டிவிட்டுப் போவார். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் நடந்தே நேரம் கழித்து வருவார், அந்த நாள்களில் பழையபடி அவள்தான். மாமனார் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சவரத்துக்குச் சுப்பனைத் தவிர வேறு யாரிடமும் கன்னத்தைக் காட்டுவதில்லை.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஏரிகள் நிரம்பின, போர்களில் தண்ணீர் ஏறியது, கடை போன் அடங்கியது. பொங்கலுக்குப் பிறகு கம்பெனி ஒரு சர்வீஸ் ஆளை வாரத்தில் இரண்டு நாள் அனுப்பத் தொடங்கியது. செங்கம் டீலர்ஷிப் வேறு யாருக்கோ போயிற்று. அதைச் சகாதேவன் அவ்வப்போது சொல்லிக் காட்டுவான்.

மாசியில் கோபி வந்தான். இந்தத் தடவை ஸ்வீட் பாக்ஸ் இல்லை.

"டார்கெட்டுக்கு சேல்ஸ் ரொம்பக் கம்மியா இருக்குதுக்கா. அடுத்த கான்ஃபரன்ஸ் வியட்நாம்ல. இப்படியே போனா கஷ்டம்."

"மழை பேஞ்சிடுச்சே, கோபி."

"அது சரிதான்க்கா," என்றான். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மாமனாருக்கு மதியச் சோறு ஊட்ட வீட்டுக்கு நடந்தாள். கடையில் யாரும் காத்திருக்கவில்லை, அவசரம் இல்லை. ஆனாலும் கால்கள் பழக்கத்தில் வேகமாகவே போயின.