முதல் பக்கத்தில் என் சிரிப்பு

எங்கள் பனியன் கம்பெனியின் வெப்சைட்டை இன்று திறந்தார்கள். ஊனமுற்றோருக்கும் வேலை தருகிறோம் என்று சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்குக் காட்ட, முதல் பக்கத்திலேயே என் போட்டோவாம்.

டெலிபோன் ஆபரேட்டரான எனக்குக் கண் தெரியாது. திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளை ஓடவிட்டேன். பக்கம் முழுக்க "கிராஃபிக், கிராஃபிக்" என்றது.

வெப்சைட் செய்த தம்பியிடம் சொன்னேன். "எழுத்தெல்லாம் படமா இருக்குதுங்க. சாஃப்ட்வேர் எனக்கு வாசிக்க மாட்டேங்குதுங்க."

மதியம் அவரே உற்சாகமாக வந்தார். "எழுத்தை ரெண்டு மடங்கு பெருசு பண்ணீட்டனுங்க. இப்பப் பாருங்க!"

எல்லோரும் கைதட்டிவிட்டு டீக்குப் போனார்கள். நான் மட்டும் மறுபடி கீபோர்டைத் தட்டிப் பார்த்தேன்.

"கிராஃபிக்."

அந்த போட்டோவில் நான் சிரிக்கிறேனாம். பார்த்தவர்கள் எழுதுங்கள், எதற்குச் சிரிக்கிறேன்?