இருக்கிற வாங்கு

அறுபதுகளின் தொடக்கத்தில், கிளிநொச்சிப் பக்கக் குடியேற்றத் திட்டமொன்றில் நான் சரித்திர ஆசிரியன். பத்தாம் வகுப்புக்கு, அடிமை முறையை ஒழித்த அமெரிக்கச் சனாதிபதியைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதே வகுப்பில் தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில், மற்றவர்கள் வாங்கில், நீளப் பலகை இருக்கையில். யாழ்ப்பாணத்திலிருந்து காடு வெட்ட வந்தபோது சட்டி பானையோடு இந்த வெட்கக்கேட்டையும் கட்டிக்கொண்டு வந்திருந்தோம்.

நிலத்தில் இருந்த தவமணி கெட்டிக்காரி. பாடத்தின் நடுவே கேட்டாள்.

"சேர், அவர் மெய்யாவே ஒழிக்க நினைச்சவரோ? சண்டையில வெல்லுறதுக்குச் செய்தவரோ?"

எனக்குச் சரியான சந்தோசம். இரு பக்கச் சான்றையும் கரும்பலகையில் எழுதினேன். அடிமை முறை இருக்கிற மாநிலங்களில் கை வைக்கமாட்டேன் என்றுதான் அவர் பதவிக்கு வந்தார். ஆனால் புது நிலங்களுக்கு அது பரவ விடமாட்டேன் என்றார். நாட்டைக் காப்பதே தன் நோக்கம் என்று பத்திரிகைக்கு எழுதினார். ஆனால் அதற்கு முன்னரே விடுதலை அறிவிப்பை மந்திரிமாருக்கு வாசித்துக் காட்டியிருந்தார். முடிவை வகுப்புக்கே விட்டுவிட்டேன்.

அன்று பின்னேரம் பெற்றார் கூட்டம். எல்லாப் பிள்ளைகளையும் வாங்கில் இருத்துவதா என்பதே பேச்சு. தலைமை ஆசிரியர் எழும்பி, "இருக்கிற வாங்கில நான் கை வைக்கமாட்டன்" என்றார். முன்வரிசை கைதட்டியது. பின்னால் நின்ற தவமணியின் தகப்பன் சின்னத்தம்பி நேரே என்னிடம் வந்தார்.

"ஐயா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால மறிக்கப்போறன். இனியும் நிலத்தில இருத்தேலாது."

"பொறுங்கோ. அவர் என்ன சொன்னவர்? இருக்கிற வாங்கு."

"ஓம். குந்தி இருக்கிற வாங்கு."

"இல்லை. இப்ப உள்ள வாங்கு. பக்கத்தில கட்டுற புதுக் கட்டடத்து வாங்கைப்பற்றி ஆள் வாயே திறக்கேல்லை. தச்சுப் பட்டறையில நானே எண்ணிப் பாத்தனான். எல்லாப் பிள்ளையளுக்கும் காணும்."

எங்கள் பேச்சில் இருத்தல் என்றால் உட்காருதலும்தான். அந்த ஒரு சொல்லில் கூட்டம் முழுவதும் வழுக்கி விழுந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சின்னத்தம்பி சிரிக்கவில்லை.

"இருத்திப்போட்டு எழுப்பமாட்டினமோ, ஐயா?"

அதற்கு என்னிடம் சான்று இல்லை. "அதை இருந்துதான் பாக்கோணும். பிள்ளையை விடுங்கோ" என்றேன்.

அடுத்த தவணை புதுக் கட்டடம் திறந்தது. எல்லோரும் வாங்கில். அந்தக் கிழமையே மற்றச் சாதிப் பிள்ளைகளில் பாதிப்பேர் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் தலைமை ஆசிரியரின் கந்தோர் அறைக்கு வந்தார்கள்.

"அதுகளைப் பழையபடி நிலத்தில விடுங்கோ. இல்லாட்டி உங்களுக்கு இடமாற்றம்தான்."

தலைமை ஆசிரியர் பயந்த சுபாவம். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் குரல் நடுங்கவில்லை.

"இருந்த பிள்ளையை எழும்பச் சொல்லமாட்டன். மாத்துறதெண்டால் மாத்துங்கோ."

நான் நேரே வகுப்புக்குப் போய், போன தவணை முடிவில்லாமல் விட்ட பாடத்தைத் தொடர்ந்தேன். யுத்தம் இழுபட்டது, தேர்தலில் தோற்பேன் என்று சனாதிபதியே நம்பினார், அடிமைகளின் விடுதலையைக் கைவிட்டுச் சமாதானம் பேசும்படி சொந்தக் கட்சிக்காரரே நெருக்கினார்கள்.

"அப்ப, குடுத்த விடுதலையைத் திருப்பிக் கேட்டவையோ சேர்?" என்றாள் தவமணி.

"கேட்டவை."

"குடுத்தவரோ?"

"இல்லை."

"அப்ப மெய்யாத்தான் நினைச்சிருக்கிறார்."

இடமாற்றம் வரவில்லை. நின்ற பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். ஒரு தலைவரின் உறுதியை எடைபோட இன்றைய ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது தவமணியின் அந்த இரண்டு கேள்விகள்தான்: கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார்களா? கொடுத்தாரா?