ஈயக் குண்டு கட்டிய ஜீன்ஸ்

என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஜீன்ஸ். மணலியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு வாங்கினேன். எண்ணூரிலிருந்து டேங்கர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டி ஓட்ட வேண்டும். முதல் வாரமே முந்தானை சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. ஜீன்ஸ் போட்டு வந்து நின்றபோது வீட்டுக்காரர் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு குழம்பு ஊற்றிக்கொண்டார். ஒரு மாதமாக அதைப் பற்றிப் பேச்சே இல்லை. திட்டியிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன்.

வாரம் ஒருமுறைதான் துவைப்பேன். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அடிக்காமல், பிழியாமல் அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காயப்போடுவேன். எங்கள் தெருவில் எல்லாத் துணியும் அப்படித்தான் காயும். அனல் மின் நிலையத்துச் சாம்பல் உள்பக்கத்தில் படிந்துவிடும், பார்க்கிறவர்களுக்குச் சுத்தமாகத் தெரியும். அரிப்பு நமக்கு மட்டும்.

அந்த ஞாயிறு ஜீன்ஸைத் துவைத்துப் போட்டுவிட்டு நான் பூசைக்குப் போயிருந்தேன். காற்று அதிகம் என்று அவர் கடலுக்குப் போகவில்லை. திரும்பி வந்தால் கொடியில் என் ஜீன்ஸ் தொங்குகிறது. கால் நுனி இரண்டிலும், வலையின் அடியில் கட்டுகிற ஈயக் குண்டுகள் வரிசையாக.

"இன்னாய்யா இது? பேண்டா, வலையா?"

"காத்துல முறுக்கிக்கினு கிடந்துச்சு. குண்டு கட்னா ஷேப்பு நிக்கும்."

தன் லுங்கியைக்கூடத் துவைக்காத மனிதர். வேண்டுமென்றே செய்தார் என்றுதான் நினைத்தேன். காய்ந்ததும் போட்டுப் பார்த்தேன். ஷேப் நின்றது. கால்தான் மூன்று விரல் நீண்டு தரையைப் பெருக்கியது. காலையில் வேலைக்குப் போக வேறு பேண்ட் இல்லை. கத்தினேன், பிறகு அழுதேன். அழுததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கள் காலை வாசலில் நின்று கால் நுனியை மடித்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டியில் உட்கார்ந்தால் அவிழ்ந்துவிடும் போலிருந்தது. அவர் ஊசியும் வலை நூலும் எடுத்து வந்தார். தெருவிலேயே என் காலடியில் குந்தி உட்கார்ந்து, மடிப்பைத் தைக்க ஆரம்பித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. குடத்தோடு போன பக்கத்து வீட்டுக்காரர் நின்றுவிட்டார்.

"இன்னா அண்ணாத்த, காலைலயே அண்ணி கால்ல வுழுந்துகினு கீற?"

அவர் நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"வூட்ல வேலைக்குப் போறாங்க. டைம் ஆவுதுல்ல, தள்ளு."

நான் வேலைக்குப் போவதை அவர் வெளியாள் ஒருவரிடம் சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல்முறை.