திரியாயில் இருபது பாகை

வியாழன் காலை ஆறு மணிக்குத் திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கினேன். கொழும்பிலிருந்து இருநூற்று அறுபது கிலோமீட்டர், வழி முழுக்க மழை. யன்னலைப் பூட்ட முடியவில்லை. ஹபரணை தாண்டியதிலிருந்து என் வலது தோள் நனைந்துகொண்டே வந்தது. நடத்துநரிடம் சொன்னேன். "தள்ளி இருங்கோ அக்கா" என்றான். தள்ளி இருக்க இடமிருந்தால் அவனிடம் ஏன் சொல்கிறேன்?

புயல் வடக்கே போய்விட்டது, வால் மட்டும் இங்கே நிற்கிறது என்று சனம் கதைத்தது. துறைமுகப் பக்கமிருந்து காற்று விடாமல் அடித்தது. தேத்தண்ணிக் கடையில் ஆண்கள் காதை மூடித் துவாயைக் கட்டியிருந்தார்கள். ஒருவர் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். என் தொலைபேசி வெப்பநிலை இருபது பாகை செல்சியஸ் என்று காட்டியது. நான் இருப்பது கனடாவில், வின்னிபெக் நகரில். அங்கே தை மாதம் கழித்தல் முப்பதுக்குப் போகும், இமை மயிரில் ஐஸ் பிடிக்கும். இருபது பாகை வந்தால் நாங்கள் அரைக் காற்சட்டையோடு ஐஸ்கிறீம் குடிக்கப் போவோம். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஏழு மணிக்கு ஓட்டோ பிடித்தேன். அண்ணாவின் ஊரான திரியாய்க்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல், ஆறாயிரம் ரூபாய் கேட்டான். மழைக்கு அது நியாயம்தான். ஓட்டியவன் கிண்ணியாவைச் சேர்ந்த றிபாய். ஸ்வெற்றருக்கு மேல் மழைக்கோட்டும் போட்டிருந்தான். கனடாவிலிருந்து வருகிறேன் என்றேன்.

"கனடாவில இதைவிடக் குளிரோ அக்கா?"

"இதெல்லாம் ஒரு குளிரா தம்பி?"

"அங்க வீட்டுக்குள்ள சூடு போடுவாங்களாம். எங்கட வீட்டுக் கதவே ஒழுங்காப் பூட்டாது. ரெண்டு நாளா ஒரு உடுப்புக் காயல்ல. நனஞ்ச சாரத்தோட ஒரு ராவு கிடந்துட்டுச் சொல்லுங்க."

உப்புவெளியில் விருந்தினர் விடுதிகள் எல்லாம் கதவைச் சாத்திக் கிடந்தன. நிலாவெளி தாண்டி, குச்சவெளியில் கடல் கலங்கிப் போயிருந்தது. றோட்டோரம் நின்ற மாடுகளின் விலா எலும்பை எண்ணலாம்போல் இருந்தது. றிபாய் அவற்றைப் பார்த்து, "இதுகள் பாவம்" என்றான். அதைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஒன்பது மணிக்கு அண்ணா வீடு. அண்ணா சிவலிங்கத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. யுத்தகால அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது இரண்டு பசு வாங்கித் தொடங்கியவர், இன்றைக்கு நாற்பது மாடு வைத்திருக்கிறார். பால்தான் சீவியம். மகள் பல்கலைக்கழகத்தில் படிப்பதும் அதில்தான். அதற்கு மேல் அவர் ஊரின் வட்டவிதானை. விதைத்த வயலுக்குக் காவல் பார்க்கவென்று கமக்காரர் கூடித் தெரிந்தெடுக்கும் ஆள் அது. விதைப்பு முடிந்தால் அறுவடை வரைக்கும் ஒரு மாடும் வயலுக்குள் இறங்கப்படாது. எல்லாவற்றையும் மேற்கே பற்றைக்காட்டுக்குச் சாய்த்துவிட வேண்டும். இறங்கினால் தண்டம், அதைப் போடுகிறவர் அண்ணா. அவருடைய மாடுகளும் அந்தக் காட்டில்தான் நின்றன.

மூன்று மணிக்கு அவரோடு வயல் கரைக்குப் போனேன். அண்ணாவின் மனைவி, மச்சாள், தந்த போர்வையைப் போர்த்தியும் பல் கிடுகிடுத்தது. வின்னிபெக்கில் குளிர் வெளியே நிற்கும், நாங்கள் உள்ளே இருப்போம். இங்கே உள், வெளி என்று ஒன்றும் இல்லை. றிபாய் சொன்னது சரி.

வயலுக்கு அங்கால் மாடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன. சில படுத்துவிட்டன. அண்ணா கூப்பிட்டார். ஒன்றும் தலை தூக்கவில்லை.

"உதுகள் இண்டைக்கு உள்ள வராட்டிச் சரிவராது," என்றார்.

ஊருக்குள் பழைய நெல் களஞ்சியம் வெறுமையாகக் கிடந்தது. நாற்பது மாடும் தாராளமாக நிற்கலாம். ஆனால் சுற்றுப் பாதையில் ஓடை நெஞ்சளவு பாய்ந்தது. வரம்பில் ஆள் நடக்கலாம், மாடு நடக்க ஏலாது. மிச்சம் ஒரே வழி, நடுவில் கிடந்த கனகரத்தினம் என்ற கமக்காரரின் வயல். முழங்கால் உயரப் பயிர். நாற்பது மாடு இறங்கினால் அவருக்கு இந்த வருசம் வெள்ளாமை இல்லை.

கனகரத்தினத்தின் வீடு கூப்பிடு தூரத்தில். குசினியில் புகை தெரிந்தது.

"ஒருக்காக் கேட்டுப் பாப்பமே, அண்ணா."

"என்னெண்டு கேக்கிறது? போன வருசம் அவன்ட மாடு ரெண்டு கயிறு அறுத்து இறங்கினது. கூட்டத்தில கையெடுத்துக் கும்பிட்டவன். சட்டம் சட்டந்தான் எண்டு நான்தான் தண்டம் போட்டனான்."

"அது அப்ப. இது உயிர்."

"சும்மா இரு பிள்ளை."

அவர் சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பால் நடந்து போனார். இருட்டுமுன் இரண்டு கன்றுகளை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து வந்து குசினி அடுப்படியில் கிடத்தினார். தாய் மாடுகளுக்குச் சாக்குப் போர்த்தினாராம், காற்று இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். நெருப்பு மூட்டக் காய்ந்த சுள்ளி ஒன்றும் இல்லை. அதன் பிறகு அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

வெள்ளி விடிய மழை விட்டிருந்தது. ஒரு பாலை மரத்தைச் சுற்றி, மாடுகள் நெருக்கிப் படுத்தபடியே செத்துக் கிடந்தன. கண்கள் திறந்திருந்தன. ஏழெட்டுத்தான் எழும்பி நின்றன. நான் வாய்விட்டு அழுதேன். அண்ணா ஒவ்வொன்றின் காதையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார்.

முதல் ஆளாக ஓடி வந்தவர் கனகரத்தினம். வரம்பால் சுற்றிப் போகாமல் தன் பயிரை மிதித்துக்கொண்டே குறுக்கே வந்தார்.

"அண்ணை, ஒரு சொல்லுக் கேட்டிருந்தா விட்டிருப்பனே. பயிர் போனாப் போகுது எண்டு விட்டிருப்பனே," என்றார்.

அண்ணா குனிந்து அடுத்த மாட்டின் காதைத் தொட்டார்.

பத்து மணிக்கு மிருக வைத்தியர் வந்தார். மூன்று நாள் நனைவு, காற்று, வயிற்றில் புல் இல்லை, உடம்பில் கொழுப்பில்லை, அதனால் உடல் சூடு இறங்கிவிட்டது என்றார். கனடாவில் மாடுகள் பனிக்குள்ளேயே நிற்கின்றனவே என்று கேட்டேன். அதுகளுக்குத் தடித்த மயிரும் வயிறு நிறையத் தீனும் இருக்குதானே என்றார். கூட வந்த அதிகாரி ஒருவர், "ஏன் கொட்டில் போடேல்லை?" என்று கேட்டார். மச்சாளுக்குப் பொறுக்கவில்லை. "அரசாங்கக் காடெண்ட அந்தத் தரையில ஒரு தடி ஊண்ட ஆர் விடுறது, ஐயா?" என்றார். அந்த அதிகாரி படம் எடுக்கத் திரும்பிவிட்டார். பின்னேரம் பெக்கோ இயந்திரம் வந்து, புதைக்கக் கிடங்கு வெட்டியது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அண்ணா என்னைச் சந்தியில் விட வந்தார். வெயில் எறித்தது. பஸ் பிந்தியது. சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. வின்னிபெக்கில் எனக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் வேலிச் சண்டை, இரண்டு வருசம் முகம் பார்த்ததில்லை. ஒரு தை மாதம் என் வீட்டுச் சூடாக்கி நின்றுவிட்டது. போய் அவன் கதவைத் தட்டினேன். ஏன் என்று கேட்காமல் உள்ளே விட்டான், அவன் வீட்டுச் சோபாவில் படுத்தேன். அடுத்த கிழமை திரும்பவும் சண்டை தொடங்கியது. அந்தக் குளிரில் ரோசம் பார்க்கிறவன் செத்துப்போவான் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதை அண்ணாவிடம் சொன்னேன்.

"நீங்களும் தட்டியிருக்கலாம். அந்த மனுசன் விட்டிருப்பார்."

அண்ணா றோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம், நான் தண்டம் போட்டதையும் பாராமல் விட்டிருப்பான். அது தெரிஞ்சுதான் கேக்கேல்லை."

பஸ் வந்தது. அவரோடு எனக்கு அப்படி ஒரு கோபம். போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் ஏறிவிட்டேன்.